சொன்ன பேச்சு கேட்காத தொடை

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இரண்டரை மாதமாக போனில் சுகம் சுகம் என்று நான் சொன்னதில் பாதி பொய், இன்று எழுதுவதுதான் நிஜம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. வாயால் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பாய்வாய் என்றுதான் கடிதம்.

பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வலைக்கு மேலே எழும்பி எப்படி அடிப்பது என்று வாயால் சொல்லியிருக்கலாம். வயது நாற்பத்தெட்டு என்பது அந்த நிமிஷம் மறந்துபோய்விட்டது. எழும்பினதெல்லாம் சரி, இறங்கும்போது இடது முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். பந்து வெடித்துவிட்டது என்று பிள்ளைகள் பந்தைத் தேடினார்களாம். மூட்டை உள்ளே பிடித்து வைத்திருக்கும் தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். அன்று நீ புது வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவாய் என்று நான்தான் அப்பாவின் வாயைக் கட்டினேன். வீடியோவில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டினேன். ஒருநாள் பின்னால் என்ன சத்தம் என்று கேட்டாயே, அது என் ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. அப்பா பூனை என்றார். நம் வீட்டில் பூனை ஏது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, தொல்லை அதற்குப் பிறகுதான். பிசியோதெரபி செய்யும் பெண் ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். மனசுக்குள் தீக்குச்சி என்று பேர் வைத்துவிட்டேன். தொடையை இறுக்கி, காலை மடக்காமல் தூக்குங்கள் என்றாள். நான் பல்லைத்தான் இறுக்கினேன், தொடை பிசைந்து வைத்த மாவு மாதிரி கிடந்தது. இருபத்துமூன்று வருஷமாகப் பிள்ளைகளை முட்டியை உயர்த்து, உயர்த்து என்று விரட்டியவளுக்குத் தன் காலைக் கட்டிலிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்த முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். "தசை செத்துப்போகல மேடம். மூட்டு வீங்கியிருக்குல்ல, அதான் மூளை சொல்றது தொடைக்குப் போய்ச் சேரல. வெளியிலேர்ந்து கொஞ்சம் கரண்ட் குடுத்து எழுப்பிவிடுவோம்" என்றாள். கரண்ட் என்றதும் எனக்கு முன்னால் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "முதல்ல என் கையில வெச்சுக் காட்டும்மா" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் தானாக மடங்கியபோது அவர் போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டில்காரர் தன் இடுப்பு வலியை மறந்து சிரித்தார்.

போன் அளவுதான் அந்தப் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஒயர், ஒவ்வொன்றின் முனையிலும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. ஒன்று தொடையின் மேலே, ஒன்று முழங்காலுக்குச் சற்று மேலே உள்பக்கமாக. பத்து விநாடி கரண்ட் வரும், அப்புறம் கொஞ்சம் ஓய்வு, மறுபடி கரண்ட். குறைவாக வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், கூட்டினால் யாரோ தொடையைப் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கும். கரண்ட் வரும்போது நாமும் சேர்ந்து இறுக்க வேண்டும், சும்மா படுத்திருந்தால் பெரிதாகப் பலன் இருக்காது என்று தீக்குச்சி பத்து தடவை சொல்லித்தான் வீட்டுக்குப் பெட்டியைக் கொடுத்தாள். நானோ எறும்பு அளவிலேயே வைத்துக்கொண்டு பேப்பர் படித்தேன். அப்பா தையற்காரர் அல்லவா, ஞாயிற்றுக்கிழமைதோறும் இஞ்ச் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்தார். இடது கால் இரண்டு இஞ்ச் குறைவு. மூன்றாம் வாரமும் அதே இரண்டு இஞ்ச். கேலி பண்ணாமல் டேப்பைச் சுருட்டி வைத்தார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரமே தலைமையாசிரியை போன் செய்து, சிரமமாக இருந்தால் நிரந்தரமாக நூலகத்துக்கு மாறிக்கொள்கிறீர்களா என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்கு மைதானத்திலிருந்து வெளியே போ என்று சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த முறை போனபோது வீட்டில் எந்த அளவில் வைக்கிறீர்கள் என்று தீக்குச்சி கேட்டாள். சொன்னேன். "பாதி ரவுண்டு ஓடிட்டு முழுசா ஓடினேன்னு சொல்ற பிள்ளைய நீங்க என்ன செய்வீங்க மேடம்?" என்றாள். மகள் வயசுப் பெண் என் மானத்தை வாங்கிவிட்டாள். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், "பயமா இருக்கும்மா, உள்ள கட்டினது திரும்ப அறுந்துடுமோன்னு." அவள் என் முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, "டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு இழை கூட நான் போக விடமாட்டேன். அறுந்துடுமோங்கற கவலைய என்கிட்ட விடுங்க, இறுக்கற வேலைய நீங்க பாருங்க" என்றாள். அன்றிலிருந்து தாங்கமுடிகிற வரைக்கும் கூட்டினேன், கூடவே இறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் பேப்பரைத் தொடவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், நான் இறுக்கினேன். முழங்கால் சில்லு மேலே ஏறியது, குதிகால் கட்டிலை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. "இன்னிக்குக் கரண்ட் வலிக்கவே இல்லையே" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். ஒயர் கழன்று கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. "மேடம், கரண்டே வரல. இது நீங்க" என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன், கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி ஏறுகிறேன். இன்னும் முக்கால் இஞ்ச் பாக்கி. ஓட்டம் சில மாதம் கழித்து, குதிப்பதைப் பற்றி அடுத்த வருஷம் கேளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூலகம் வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுகிறேன், குதித்துக் காட்டுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மறைத்தது தப்புதான், மன்னித்துவிடு. ஆனால் மறைத்துப் பழகியதில் ஒன்று கற்றுக்கொண்டேன். மறைக்கிறவர்கள், 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பதைக் கொஞ்சம் அவசரமாகச் சொல்வார்கள். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் கடைசி மூன்று முறையும் நீ அப்படித்தான் சொன்னாய். பிடிக்கவில்லை என்றாலும் சொல், யாராவது மனசை நோகடித்தாலும் சொல், விட்டுவிட்டு வரவேண்டும் போல இருந்தாலும் சொல். திட்டமாட்டேன், திட்டுகிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. வேளைக்குச் சாப்பிடு. நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு, கண்ணு. பதிலை அப்பாவுக்கு அனுப்பாமல் எனக்கே அனுப்பு. வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், விமானத்தில் ஏறும் அளவுக்கு எனக்கு நடக்க வருகிறது.

என்றும் உன் நினைவாக,
அம்மா