இட்டேரியில் ஒரு பேய்

சனிக்கிழமை, ராத்திரி

சிரிப்பு அடங்கினாத்தானே தூக்கம் வரும்!

எங்கெங்கே தெருவிளக்கு வேணும்னு பஞ்சாயத்துத் தலைவருக்குக் காட்ட, பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே சேர்ந்து கோலப்பொடியில் ஊர்ப்படம் போட்டோம். அந்தப் படத்துல, பஸ் ஸ்டாப்புக்குப் போற, ரெண்டு பக்கமும் வேலி அடைச்ச இட்டேரிப் பாதையில் நான் ஒரு பேய் வரைஞ்சேன். கூடப் படிக்கிற பயந்தாங்கொள்ளி பிரபுவைக் கடுப்பேத்தத்தான்.

மில்லுக்குப் போற சாந்தி அக்கா அதைப் பார்த்துச் சிரிக்கலை. "சரியாத்தான் போட்டிருக்கற. ஷிப்ட் முடிஞ்சு அந்த இருட்டுல வாரப்ப உசுரே போயிருது"ன்னாங்க.

உடனே ஆளாளுக்கு ஆரம்பிச்சுட்டாங்க. "கண்ணு, பள்ளத்துகிட்டயும் ஒரு பேய் போடு!" "அம்மணி, எங்க ஊட்டு முக்குல ரெண்டு!" ஊருக்கே பேய் சப்ளையர் ஆயிட்டேன்.

தலைவர் வந்து திகைச்சுட்டார். "ஏனுங்க, நம்மூர்ல இத்தனை பேயா?"

"நீங்க லைட்டு போட்டா ஓடிப்போயிருமுங்க"ன்னாங்க சாந்தி அக்கா.

தலைவரும் சிரிச்சுட்டு, இட்டேரிக்குத்தான் முதல் விளக்குன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். ஒரே கைதட்டல்.

பிரபு மட்டும் என் காதுகிட்ட வந்து, "நெசமாவே அங்க பேய் இல்லைதானே?"ன்னான்.

"விளக்கு வர்ற வரைக்கும் இருக்கும்டா"ன்னு சொல்லிப்போட்டேன்.

சொன்னப்ப சிரிப்பாத்தான் இருந்துச்சு. நாளைக்கும் சாந்தி அக்கா அந்த வழியாத்தான் வரணும். தலைவரே, கொஞ்சம் சீக்கிரமாப் போடுங்க...