துபாய்க்கு அனுப்பியே பழகியவளுக்கு

மடியில் முறம் நிறைய வறுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வைத்துக்கொண்டு, விழுப்புரத்தில் என் தங்கச்சி வீட்டு டிவியில் அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். பனி கொட்டுகிற ஊர். கறுப்பு வெள்ளை. ஆஸ்பத்திரியில் கிடக்கிற புருஷனைத் தேடி ஒரு பொம்பளை ரயில் மாறி ரயில் மாறிப் போவாளே, அதேதான். கீழே தமிழில் எழுத்து ஓடியது. உன் குரல் இல்லாமல் அதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கடைசியில் நர்ஸ் அவளிடம் சொல்கிறாள்: "அவர் இறந்துவிட்டார். உங்களுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்."

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். தங்கச்சி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். "யாரக்கா திட்ற?" என்றாள். செத்துப்போனவளைத் திட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

கிளியனூர் மல்லாட்டை குடோனில் நீ சொன்ன கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை பகலில் கதவைச் சாத்தி இருட்டாக்கி, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போடுவோம். விதை மல்லாட்டை உரிக்கிற பொம்பளைங்க வட்டமாக உட்கார்ந்து உரித்துக்கொண்டே பார்ப்பார்கள். படம் ஓடினால் யாரும் எழுந்து போவதில்லை, வேலை ஜல்தியாக நடக்கிறது என்று குடோன்காரரும் கண்டுகொள்ளவில்லை. நீ குயிலாப்பாளையத்தில் வேலை செய்த வெள்ளைக்காரம்மா வீட்டிலிருந்து உலகத்துப் படத்தையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவாய். கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று படத்தில் வருகிற அத்தனை பேருக்கும் நீயே பேசுவாய். வாளைத் தூக்கிக்கொண்டு வருகிற ஜப்பான்காரன் உன் வாயில், "இன்னாடா மொறைக்கிற, வூட்ல சோறு போடலியா?" என்பான். ரஷ்யாக்கார ராணி, "கேப்பைக் கூழு இருக்குதா, ஊத்துங்க" என்பாள். காமாட்சியக்கா சிரித்துச் சிரித்து முறத்தையே கவிழ்ப்பாள்.

அந்த நர்ஸ் வாய் திறந்தபோது நீ சொன்னாய்: "உங்க வூட்டுக்காரருக்கு ஒடம்பு சரியாயிடிச்சிம்மா. துபாய்க்கு வேலைக்குப் போய்க்கினு இருக்காரு. போய் எறங்கனதும் போன் பண்ணுவாரு." அந்தக் காலத்துப் பனி ஊரிலிருந்து துபாய்! திரையில் அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். "சந்தோஷத்துல அழுவுது பாரு" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எனக்கு இப்போது புரிகிறது. கோட்டக்குப்பத்திலிருந்து கிளியனூருக்கு வாக்கப்பட்டு வந்த பாத்திமாக்கா உனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் அப்போது துபாய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உனக்கு வாய் வரவில்லை. சரி, நியாயம். அதோடு விட்டாயா? மற்ற படங்களையும் தேடிப்பிடித்துப் பார்த்தேன். யார் யார் சாகிறார்களோ அத்தனை பேரையும் துபாய்க்கு அனுப்பியிருக்கிறாய். பிணம் தெரிகிற இடம் வந்தால் கையைக் காட்டுவாய், நான் லேப்டாப்பில் அடுத்த காட்சிக்குத் தள்ளிவிடுவேன். பேட்டரி பார்க்கிறதும் உன் கையைப் பார்க்கிறதுமாகவே எனக்குப் படம் ஓடிப்போகும். திரையை நான் எங்கே நிமிர்ந்து பார்த்தேன்? என் கையாலேயே என்னை ஏமாற்றியிருக்கிறாய்.

திண்டிவனத்தில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான். போன மழைக்காலத்தில் ஏன் நீ வரவில்லை என்று போனில் கேட்டேன். "அந்தம்மா வீட்ல ஆளுங்க வந்துகினே இருக்காங்கடி, ஒரே பேஜாரு. பொங்கலுக்கு வர்றேன்" என்றாய். குரலில் ஒரு குறை இல்லை. வீடியோவில் கூப்பிட்டால் கட் பண்ணுவாய். "இங்க சிக்னல் இல்லடி." நம்பினேன். பொங்கல் முடிந்தும் வரவில்லை என்று, பை நிறைய மல்லாட்டை எடுத்துக்கொண்டு நானே குயிலாப்பாளையம் வந்தேன். உன் அண்ணி வாசலிலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பொங்கலுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிபோச்சிங்க. வயித்துல கட்டி. உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சி."

உங்களுக்கு மட்டும்! உன் தெருவுக்கே தெரியும். பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும். எனக்கு மட்டும் நீ துபாய். அந்தப் பனி ஊர்க்காரியாவது ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். நான் எந்த வார்டு என்றுகூடத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். உன் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்திருப்பேன். தூக்கும்போது கூட நின்று அழுதிருப்பேன். அதை என்னிடமிருந்து பிடுங்க நீ யாருடி?

அந்தக் கோபத்தோடுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்தைக் குடோனில் போட்டேன். மைக்கை நான் பிடித்தேன். பாத்திமாக்கா வீட்டுக்காரர் குணமாகி ஊரோடு வந்து வருஷங்களாகிவிட்டன, இனி யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று தைரியம். நர்ஸ் வாய் திறந்தாள். டிவியில் தமிழில் எழுதி ஓடியதை அப்படியே சொன்னேன்: "செத்துட்டாரும்மா. உனக்குச் சொல்ல வேணாம்னு சொன்னாரு." ஓடு உடைகிற சத்தம் நின்றது. உன் பொய்யை எல்லார் முன்னாலும் உடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு வீம்பு.

பாத்திமாக்காதான் பேசினாள். "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே."

"எப்படிக்கா? நம்மள்ல யாருக்கு இங்கிலீஷ் தெரியும்?"

"பாஷை என்னாத்துக்கு? அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா தெரியாதா, தாலியறுத்த மூஞ்சின்னு? எனக்காகத்தான் மாத்திச் சொல்லுதுன்னும் தெரியும். பாவம், சொல்லட்டும்னு தெரிஞ்சிக்கினேதான் கைதட்டனோம்."

காமாட்சியக்கா தலையை ஆட்டினாள். "ஒனக்குத் தெரியாதா? நீ ஸ்கிரீனைப் பாத்தாத்தானே!"

மைக்கோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யார் வாயில் எதை வைத்துப் பேசினாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. சிக்னலாம் சிக்னல்! குயிலாப்பாளையத்தில் எல்லா வீட்டிலும் சிக்னல் கிடைக்கிறது.

மைக்கை நான்தான் வைத்திருக்கிறேன். கோபமும் அப்படியே இருக்கிறது, ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. ஒரே ஒரு தடவை அந்த வீடியோ காலை நீ எடுத்திருக்கலாம். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் நீ துபாய் என்றாலும் சரி, பொங்கலுக்கு வர்றேன் என்றாலும் சரி, நானும் உனக்காகக் கைதட்டியிருப்பேன்டி.