இரண்டு தொட்டியிலும் ஒரே பொட்டு

கடைக்காரர் செடி டானிக் பாட்டிலின் மூடியைத் திருகி என் மூக்கருகே நீட்டினார். அழுகிய மீனின் மேல் மல்லிகை சென்ட் அடித்தது போல ஒரு நாற்றம். முகத்தைத் திருப்பினேன். அங்கே பெரிய திரையில் உன் தட்டைப்பயறுச் செடி வளர்ந்துகொண்டிருந்தது.

அவிநாசி ரோட்டு விவசாயக் கண்காட்சிக்கு, மாடியில் போட நாலு விதை வாங்கலாமென்று போயிருந்தேன். திரையில் இரண்டு தொட்டிகள். ஒன்று டானிக் ஊற்றியதாம், பச்சைப் பசேலென்று எழுந்தது. இன்னொன்று ஊற்றாததாம், குள்ளமாக, மஞ்சள் பூத்துக் கிடந்தது. திடீரென்று தொட்டியில் சந்தனமும் குங்குமப் பொட்டும் வந்தன. இரண்டு தொட்டியிலும் ஒரே இடத்தில், ஒரே நொடியில். உன் செடியையே கம்ப்யூட்டரில் நசுக்கி, மஞ்சளடித்து, அதற்கே எதிரியாக நிறுத்தியிருக்கிறார்கள். த்தூ!

அந்தப் பொட்டின் கதை உனக்கும் எனக்கும் உன் வீட்டையொட்டிய லேத் பட்டறைக்காரருக்கும்தான் தெரியும்.

காந்திபுரத்துக் கல்யாண ஸ்டூடியோவில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மணப்பெண்களை வெளுத்துக்கொண்டிருந்த காலம் அது. மாநிறப் பெண்ணைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடிக்கச் சொல்வார் முதலாளி. பெண்ணின் அப்பாவும் பின்னால் நின்றுகொண்டு, "இன்னுங் கொஞ்சம் கலராப் பண்ணுங்க அம்மணி" என்பார். ஒரு நாள் மவுசைத் தள்ளிவிட்டு நீ சொன்னாய்: "கை கூசுது புள்ள. ஒரு செடியவாவது உள்ளபடி எடுத்துக் காட்டோணும். திருத்தறதுக்கு வேலையே வெக்கக் கூடாது."

கணபதிப் பக்கம் உன் வீட்டின் பின்னறை ஜன்னலுக்குக் கல்யாணத்தில் வந்த பவானி ஜமக்காளத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டாய். வெயில் ஒரு பொட்டு உள்ளே வரக்கூடாது. விதை முளைத்ததிலிருந்து தினமும் படம் எடுத்துக் கோத்து, செடி வளர்வதை வீடியோவாக்குவது உன் திட்டம். செடிக்கும் படத்துக்கும் ஒரே விளக்கு. கேமராவில் வெளிச்சம், நிறம் எதையும் அதன் இஷ்டத்துக்கு விடவில்லை. ஸ்டாண்டின் காலுக்கு மணல் மூட்டை வைத்தாய், தொட்டியைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டாய். அப்படியும் பட்டறையில் லேத் ஓடினால் கரண்ட் இழுத்து விளக்கு மங்கியது. அவரிடம் போய்ச் சொன்னாய். அன்றிலிருந்து அவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "அம்மணி, மிசினை நிறுத்திப்போட்டனுங்க. எடுத்துக்குங்க!"

ஆயுத பூஜை அன்று நீ குளிக்கப் போன நேரம். பட்டறையில் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்த மனிதர், உன் கேமராவும் தொழில் செய்கிற சாமான்தானே என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். கேமராவுக்கு வைத்தார், விளக்குக்கு வைத்தார், கடைசியில் தொட்டிக்கும் வைத்தார். நீ வந்து பார்த்து அழாத குறை. பொட்டை அழித்துவிடலாம், கம்ப்யூட்டரில் அரை நிமிட வேலை என்றேன். என்னை நீ பார்த்த பார்வை இருக்கிறதே! "வெச்சது வெச்சதுதான். அதுவும் உள்ளதுதானே" என்றாய்.

பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அதை நெட்டில் ஏற்றினாய். பேரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்றாய். அதற்குள் காய்ச்சல், ஆஸ்பத்திரி, எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு படத்துக்குக் கீழேயாவது உன் பேர் வர வேண்டும் என்பது உன் நெடுநாள் ஆசை. ஆல்பத்தில் எல்லாம் ஸ்டூடியோ பேர்தான் வரும்.

கடையில் கொடுமுடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியோடு நின்று வாயைப் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ரெண்டும் ஒரே செடிங்க. பொட்டைப் பாருங்க. வெறும் தண்ணி ஊத்தி என்னோட சிநேகிதி வளத்ததுங்க" என்றேன். அவர் பொட்டைப் பார்த்தார், ஒத்துக்கொண்டார். "ஆனா செடி நல்லாத்தானுங்க வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடைக்காரரிடம் திரும்பி, இது யார் எடுத்த படம் தெரியுமா என்று சத்தம் போட்டேன்.

கடைக்காரர் கொஞ்சமும் கூசவில்லை. "எதுக்குங்கக்கா சத்தம்? நெட்டுல சும்மா கெடந்துச்சு, எடுத்துப்போட்டோம். எடுத்தவிங்க பேரைச் சொல்லுங்க, கீழ பெருசாப் போட்டுரலாமுங்க" என்றார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

உன் பேர் என் நாக்கு வரை வந்துவிட்டது. அவ்வளவு பெரிய திரை, அத்தனை சனம். நீ ஆசைப்பட்டது ஒரு ஆல்பத்தின் கடைசிப் பக்கம், இது எத்தனை மடங்கு! ஆனால் அந்த மஞ்சளடித்த செடிக்குக் கீழே உன் பேரை நினைத்துப் பார்த்தேன். நீ கை கூசுது என்ற வேலையை நீயே செய்ததாக ஆகிவிடும். "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு விதைகூட வாங்காமல் வெளியே வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று உன் பேரை எனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஊரெல்லாம் தெரிய வேண்டிய பேர், இனி என்னோடுதான் இருக்கும். இந்த மடலையும் யாராவது எடுத்து எதற்காவது போடுவார்கள் என்றுதான், இதிலும் அதை எழுதவில்லை.