காலண்டர் மறைத்த வரி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீ கொல்லையில் உரத்துக்கு மக்கப்போட்டுவிட்டுப் போன மக்காச்சோளத் தட்டைக் குவியலும் இப்போது சௌக்கியம். அங்கே நீயும் உன் ஆய்வுக்கூடத்து மண் பொட்டலங்களும் அப்படியே இருக்க வேண்டும். வாராவாரம் பேசிக்கொண்டே இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், பேசவும் மாட்டார், நகரவும் மாட்டார். எனக்கு உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சித்தி விஷயம். குழந்தையும் அவளும் நலம். மூக்கு அப்படியே உன் சித்தப்பா மூக்கு, பாவம், வளர வளர மாறிவிடும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உதவிக்கு அங்கே பத்து நாள் இருந்தேன் இல்லையா, வினையே அப்போதுதான் ஆரம்பித்தது. குவியலுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டேன். அப்பா தினம் காலையில் கடப்பாரையைக் குவியலுக்குள் செருகி, உருவி, மக்குகிற சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. தண்ணீர் ஊற்றுவது அவர் இலாகா இல்லை. நான் திரும்பி வந்த அன்று, உன் மகளுக்குக் கோபமெல்லாம் ஆறிடுச்சு, ஜில்லுனு இருக்கா என்றார். நீ போனதிலிருந்து குவியலுக்கு அவர் வைத்திருக்கும் பெயரே 'உன் மக'தான். நானும் கையை விட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. அலமாரிக் கதவில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளில், சூடு ஆறிய பிறகு மண்ணில் போடலாம் என்று இருந்தது. நாற்று வேறு வளர்ந்து நின்றது, எனக்கு அவசரம். அள்ளும்போது தட்டை இன்னும் தட்டையாகவே இருந்தது, கறுத்திருந்ததே தவிர மக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மனசு ஒதுக்கிவிட்டது. அப்பா உனக்கென்று விட்ட நாலு வரிசையிலும் அதைப் போட்டுக் கிளறித் தக்காளியை நட்டேன்.

பதினைந்தே நாளில் அடி இலையெல்லாம் மஞ்சள். பக்கத்தில் மூட்டை உரம் போட்ட வரிசைகள் கரும்பச்சையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தன. நீ கிளம்பிய அன்று அப்பா சொன்னது உனக்கும் மறந்திருக்காது. நாலு வரிசை தரேன், இந்த ஒரு தடவைதான், வெளுத்துப்போச்சுன்னா உன் குப்பைக் கதையும் அதோட சரி என்றார். நீ பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அதனால்தான் போன மாதம் நீ கேட்டபோது, செடி ஜம்மென்று இருக்கிறது என்று பொய் சொன்னேன். பக்கத்தில் நின்ற அப்பாவும் தலையை ஆட்டினார். அவர் தோட்டத்துப் பக்கம் போகவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதி. ஆனால் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நீ தோற்றால் அது உன் தோல்வி, பரவாயில்லை. என் அவசரத்தால் நீ தோற்கலாமா? இதே வீட்டில் நாளைக்கு நீ ஒரு யோசனை சொன்னால், அன்னைக்கே பார்த்தோமே என்று ஒரு வார்த்தையில் வாயை அடைத்துவிடுவார்களே.

இரண்டு நாள் கழித்துத் துணி ஊறவைக்கிற பக்கெட்டைக் காணவில்லை. தேடிப் போனால் மோட்டார் அறைக்குப் பின்னால் அப்பா, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, குச்சியால் எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறார். செக்குக்காரரிடம் கடலைப் புண்ணாக்கு வாங்கி நாலு நாளாக ஊறவைத்திருக்கிறார், கிட்டப் போக முடியாத நாற்றம். என்ன இது என்றால், சும்மா பக்கெட் கழுவுறேன் என்கிறார்! நான் செய்த தப்பையெல்லாம் அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கலக்குவதை நிறுத்தவில்லை. தட்டை தட்டையாவே கிடக்குது, எனக்கென்ன கண்ணா இல்ல, நீ அவசரப்பட்டதுக்கு அவ தோக்கணுமா என்றார். பிறகு என்னைக் கூட்டிப்போய், அலமாரிக் கதவில் தொங்கும் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். அதற்கடியில் நீ சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். காய்ந்து போனாலும் சூடு ஆறும், ஏமாறாதே, மக்காத தட்டை செடியின் சத்தைத் தின்னும், வெளுத்தால் புண்ணாக்குத் தண்ணீர், ஒன்றுக்குப் பத்து. தாள் மேல் காலண்டரை மாட்டியவள் நான்தான். பட்டம் வாங்கியவள், அரைத் தாளைப் படித்துவிட்டு முழுத் தாளும் படித்ததாக நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தண்ணீரை ஊற்றி ஊற்றி இப்போது கொழுந்தெல்லாம் பச்சை, ஐந்தாறு செடியில் பூவும் வந்துவிட்டது. மிச்சமிருந்த குவியலைப் புரட்டித் தண்ணீர் காட்டினோம், மூன்றாம் நாளே கடப்பாரை கையைச் சுட்டது, அப்பா உதறிக்கொண்டு ஓடிவந்தார், முகத்தில் அத்தனை சந்தோஷம். நேற்று சாப்பிடும்போது, ரைஸ்மில்லில் உமி சும்மா தரேங்கறாங்க, குவியலில் கலக்கலாமான்னு உன் மககிட்ட கேளு என்றார். எந்த மக என்றேன். பேசுற மக என்றார்.

அதனால் உமியைப் பற்றி அடுத்த தடவை போனில் நீயாகச் சொல்வது போலச் சொல்லு, அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே, பக்கத்தில்தான் நிற்பார். நேரத்துக்குச் சாப்பிடு, மண்ணைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனிமேல் கடைசி வரி வரை படிக்கப்போகும்
உன் அம்மா