முறுக்கோடு வாங்கிய கையெழுத்து

ஃபேரர் பார்க், சிங்கப்பூர்
டிசம்பர் 17, புதன்

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கிளாஸ்கோ குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்கு அம்மா தபால்தலை ஒட்டிக் கடிதம் அனுப்புகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வராத ஒரு விஷயம் இருக்கிறது. சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் சிரிப்பாய், இல்லாவிட்டால் உன் அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து அவர் பங்குக்கு ஏதாவது சொல்வார். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவள் நான், எனக்கு இதுதான் வசதி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இந்தத் தடவை குறைந்திருக்கிறது, டாக்டரிடம் தன்னுடைய கட்டுப்பாடுதான் காரணம் என்று அளந்துவிட்டு வந்தார், ஜாம் தடவிய காயா டோஸ்ட்டை யார் ஒளித்து வைத்தது என்பதைச் சொல்லவில்லை. தெம்பனிஸில் இருக்கிற சித்தியின் மகள் மோகனப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம், நீ ஒரு வாழ்த்து அனுப்பிவிடு, சித்தி கணக்கு வைத்திருப்பாள். என் முழங்கால் வழக்கம்போல. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது, சிங்கப்பூரில் அதை எங்கே போட்டுக்கொள்வது என்று அப்பா கேட்டார், நான் ஏர்கானைக் கூட்டி வைத்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் திடல் உனக்கு ஞாபகம் இருக்கும், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு கால்வாயில் விழுந்தாயே, அதே இடம்தான். செப்டம்பரில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். அந்தத் திடலைப் பூங்காவாக்கப் போகிறார்களாம், நடைபாதை, இருபது பெஞ்சு, கூரை போட்ட ஒரு கொட்டகை, விளக்கு எல்லாம் வரும், குடியிருப்பவர்கள் கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் எல்லோரும் நல்லது நல்லது என்றார்கள். மூன்றாம் நாள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, இருபது பெஞ்சிலும் ஞாயிற்றுக்கிழமை யார் உட்காருவார்கள் தெரியுமா என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்கள் இப்போதே அந்தப் புல்லில்தான் உட்காருகிறார்கள், பெஞ்சும் விளக்கும் போட்டுக் கொடுத்தால் நம் வாசலுக்கே வந்துவிடுவார்கள் என்று குழுவில் ஒரே பேச்சு. நானும் சும்மா இருக்கவில்லை. சத்தமாகப் போன் பேசுகிறார்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள், படிக்கட்டில் உட்காருகிறார்கள் என்று நீளமாக எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை. ஆனால் பொட்டலத்தை விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

பூங்கா வேண்டாம் என்று ஒரு மனு எழுத வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டு லிம் ஆன்ட்டி நேராக வந்து, வழக்கம்போல என் பெயரைச் சுருக்கி, விசா, யூ ரைட் லா, யூ இந்தியன், யூ சே ஆல்ரெடி நோபடி கேன் ஸ்கோல்ட் என்றார். இந்தியரான நானே எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாதாம். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது இளமதி, உன்னிடம் மறைப்பானேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பாதுகாப்பு, சுகாதாரம், முதியோரின் நிம்மதி என்று வரிசையாக, கமா கூடத் தப்பாமல். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, எல்லாம் சரி, நம்ம ஊர்ப் பிள்ளைங்களைப் போயி வெளியாட்கள்னு எழுதியிருக்கியே என்று மட்டும் கேட்டார். மனுவில் அப்படித்தான் எழுதுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வாயை அடைத்துவிட்டேன்.

கையெழுத்து வாங்குவதுதான் பெரிய வேலை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன். தீபாவளிக்கு நான் பத்துப் பதினைந்து வருஷமாக மாடி மாடியாகப் போய் எல்லா வீட்டுக்கும் முறுக்கு கொடுப்பது உனக்குத் தெரியும், டின்னைத் தூக்கிக்கொண்டு நீயும் கூட வருவாய். இந்த வருஷம் முறுக்கோடு மனுவையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறக்கும், ஹேப்பி தீபாவளி என்பார்கள், நான் முறுக்கைக் கொடுப்பேன், அப்படியே இதில் ஒரு கையெழுத்து என்று பேனாவையும் நீட்டுவேன். ஒரு வீட்டில் கூட இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு நாளில் எழுபத்து நான்கு கையெழுத்து. குழுவில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

நவம்பர் எட்டாம் தேதி சனிக்கிழமை கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பூங்காத் திட்டத்தைப் பார்க்கும் ஒரு இளம் அதிகாரி வந்திருந்தார், மரியாதையான பையன். என் மனுவை வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவர்களில் யாராவது பேசுகிறீர்களா, உங்கள் கவலையை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், லிம் ஆன்ட்டி கைப்பையில் எதையோ தேடுகிறார். கடைசியில் எட்டாவது மாடி நஸீஹா எழுந்தாள். அக்கா கோச்சுக்காதீங்க, நல்ல நாள்ல முறுக்கக் கொண்டாந்து கையில குடுத்துட்டுப் பேனாவ நீட்டுனா எப்படிலா வேணாங்குறது, அதான் போட்டேன், எனக்குப் பூங்கா வேணும் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். உடனே பின்வரிசையில் ஒருவர் மீ டூ என்றார், இன்னொருவர் மீ டூ என்றார், சிரிப்பு கிளம்பிவிட்டது. அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை, பாவம், தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். எனக்கு அங்கேயே மறைந்துவிடலாமா என்று இருந்தது.

நான்கு நாள் நஸீஹா முகத்தில் விழிக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே முறுக்கு டின்னைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வெறும் டின்னாகக் கொடுக்கிற வழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது, அத்தனை நடந்த பிறகும் தேங்காய்ப்பூ புரட்டிய ஒண்டே ஒண்டே உருண்டை செய்து நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். கோபம் எனக்குத்தான், அவளுக்கு இல்லை. வாசலில் நின்றபடியே, அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு இருபது அடி நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது, கீழே உட்கார ஓர் இடமில்லை என்று அவர் வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை என்று சொன்னாள். எனக்கு அது தெரியாது. அவர் வெளியே வரவில்லை என்பதைக் கூட நான் கவனிக்கவில்லை. சரி, என்றைக்குமே நான் நியாயம் தெரியாதவள் இல்லை, மனுவைத் திருத்துகிறேன் என்றேன். எப்படித் திருத்த நினைத்தேன் தெரியுமா, பெஞ்சு நான்கு போதும், கொட்டகையும் விளக்கும் வேண்டாம், ஒரு கேட் வைத்து ஏழு மணிக்குப் பூட்டிவிட வேண்டும் என்று. நஸீஹா கணவரும் உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வராது, எப்படி என் மூளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைதான், நவம்பர் இருபத்து மூன்று. தேக்காவில் காய் வாங்கிக்கொண்டு ஆறு மணிக்குத் திரும்பினால் லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஒரு மணி நேரமாகும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பதினோரு மாடி ஏற என் காலால் முடியுமா. நின்றுகொண்டிருக்கும்போதே உன் போன் வந்துவிட்டது. உட்கார இடம் தேடினால் கீழ்த்தளத்தில் இருந்த நாற்காலிகளையும் கூட்டம் முடிந்ததும் எடுத்துப் போய்விட்டார்கள். போனும் கையுமாக அப்படியே திடலுக்குப் போனேன். புல்லில் அங்கங்கே ஆட்கள் உட்கார்ந்து அவரவர் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் பையையும் நான் காலை இழுப்பதையும் பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் பாதி என் பக்கம் தள்ளி, உக்காருங்கம்மா, நம்ம எடந்தான் என்றார். பிறகு விசாரித்தேன், பெயர் அழகர்சாமி, சிவகங்கைப் பக்கம், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. அவர் போனில் அவருடைய மகள் ஏதோ பரீட்சைத் தாளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள், இவர் கொஞ்சம் கிட்டக்க காட்டுத்தா, மார்க்கு தெரியல என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அதே விரிப்பில் உட்கார்ந்து நான் உன்னோடு பேசினேன். பின்னால் ஏம்மா இவ்வளவு சத்தம், எங்கே இருக்கிறாய் என்று நீ கேட்டாய், தேக்காவில் என்று சொன்னேன். அது பொய்.

அப்போது நீயும் வெளியேதான் இருந்தாய். வீட்டில் கூட இருக்கும் பெண்கள் இரவு வேலை முடித்துத் தூங்குவார்கள், சுவர் மெல்லியது, அதனால் தெருமுனைப் பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்துதான் எங்களிடம் பேசுவாய் என்று கிளாஸ்கோ போன நாளிலிருந்து சொல்லியிருக்கிறாய், நானும் நல்ல காற்று என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு ஒரு அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு உன்னைத் தாண்டிப் போனாள். நீ சட்டென்று குரலைத் தாழ்த்தி, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாய். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லைம்மா, எதிரே வீடுகள் இருக்கின்றன, வெளியாட்கள் இங்கே அதிக நேரம் உட்கார வேண்டாம் என்று யாரோ ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள், என்னைச் சொல்லவில்லை, பொதுவாகத்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நான் போனை வைத்துவிட்டேன் அல்லவா. பேட்டரி தீரவில்லை இளமதி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழகர்சாமி என் பையைத் தூக்கி மடியோரம் வைத்துவிட்டு, வெளிநாட்டுல புள்ள இருந்தா அப்படித்தாம்மா இருக்கும் என்றார். மனு எழுதியது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனுவின் நகலை எடுத்து மறுபடி படித்தேன். உன் பெஞ்சருகே அந்தத் தாளை ஒட்டியவளும் என்னைப் போலத்தான் கமா தப்பாமல் எழுதியிருப்பாள், அவளுக்கும் ஊரில் நல்ல பெயர் இருக்கும். மறுநாளே அதிகாரிக்குக் கடிதம் போட்டேன். முந்தைய மனுவை எழுதியவள் நான், என் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஆரம்பித்து, இருபது பெஞ்சும் வேண்டும், சாய்மானம் வைத்த பெஞ்சாக வேண்டும், குடிதண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுக்க வருகிறவர்களுக்குப் போன் பேச நிழல் வேண்டும், கேட் எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். முதல் மனுவைவிட இது நன்றாக வந்திருக்கிறது. அப்பா படித்துவிட்டு எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார், முப்பத்தெட்டு வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

அதற்கப்புறம் திரும்பவும் மாடி மாடியாக ஏறினேன். இந்தத் தடவை டின் இல்லை, பண்டிகை இல்லை, வெறுங்கை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லுங்கள், நான் எதுவும் நினைக்க மாட்டேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சிலர் கதவையே திறக்கவில்லை. லிம் ஆன்ட்டி முடியாது என்றார், அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதே எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு பேரும் சேர்ந்துதான் இன்னும் மார்க்கெட்டுக்குப் போகிறோம். குழுவில் என்னைக் கட்சி மாறியவள் என்று எழுதினார்கள், எழுதட்டும். கடைசியில் முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. எட்டாவது மாடியில் நஸீஹா கணவர் இடது கையால் தானே போட்டார். எழுபத்து நான்கைவிட இது குறைவுதான், ஆனால் யார் எழுந்து பேசச் சொன்னாலும் இந்த முப்பத்தொரு பேரும் பேசுவார்கள். முடிவு பிப்ரவரியில் தெரியுமாம். பூங்கா வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அழகர்சாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மனு எழுதியது நான்தான் என்று சொல்லிவிடப் போகிறேன், அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

சனிக்கிழமை பெருமாள் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், பிரசாதக் குங்குமத்தை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கொட்டிவிடாதே. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வயது நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல அந்தப் பெஞ்சுக்கே போ, ஓரமாக உட்காராதே, நடுவில் உட்கார், குரலைத் தாழ்த்தாமல் பேசு. யாராவது வந்து கேட்டால், என் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொல், போனை அவர்கள் பக்கம் திருப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா
விசாலாட்சி