ஏழாவது கேள்வி

ஜூன் 3, திங்கள்

கடையில் மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். என் சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்துகிறது. அண்ணி அழுதார். நான் "சரி அண்ணி" என்றேன். வேறென்ன சொல்ல?

பதினொரு வருடமாக என்னோடு பேசாதவன். என் கல்யாணத்துக்கே வராதவன். தங்கை புருஷன் பஸ் ஓட்டுகிறவர் என்பது அண்ணன் ஐயாவின் கௌரவத்துக்கு ஆகவில்லை. ஆனால் என் சிறுநீரகம் மட்டும் ஆகும்!

ஜெபத்தில் ஆண்டவரிடம் பேசி வைத்திருந்தேன்: பொருந்தினால் உம்முடைய சித்தம், கொடுத்துவிடுகிறேன். பொருந்தாவிட்டால் என்னை விட்டுவிடும். அவர் தம் பங்கைச் செய்துவிட்டார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

கொடுப்பேன். பேசமாட்டேன்.

ஜூன் 12, புதன்

கொடுப்பவரைத் தனியாக விசாரிப்பதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகர் இருக்கிறார். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஓடாத கடிகாரம். ஒரு படிவம் நீட்டினார். ஏழாவது கேள்வி: இந்த முடிவுக்குக் காரணம் என்ன? நான் யோசிக்கவே இல்லை. "இது தேவ சித்தம். மறுக்க எனக்கு உரிமை இல்லை" என்று அழகாக எழுதிக் கொடுத்தேன். சாட்சி சொல்லிவிட்ட திருப்தி வேறு.

அவர் படித்தார். பேனாவை மூடிவைத்தார்.

"மறுக்க உரிமை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"ஆண்டவர்தாங்க."

"அப்போ இதை நான் மேல அனுப்ப முடியாதும்மா. வேண்டாம்னு சொல்ல முடியிறவங்க சரின்னு சொன்னாதான் அது சம்மதம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

வெளியே அண்ணி காத்திருந்தார். ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று என் வாயாலேயே சொல்லவேண்டியிருந்தது. என் பக்தியின் புண்ணியத்தில் அண்ணனுக்கு இன்னும் ரெண்டு வாரம் டயாலிசிஸ்.

ஜூன் 13, வியாழன்

ஆத்திரம் அடங்கல. அந்தம்மாவுக்கு விசுவாசம்னா என்னன்னு தெரியுமா? ஆண்டவர் சொல்லிட்டார்னு நான் சொல்றேன், நடுவுல இவங்க யாரு?

— அவர் சொன்னாரா? ரத்தப் பரிசோதனைதானே சொன்னது?

ஜூன் 16, ஞாயிறு

பிரசங்கத்தில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் தூங்கினார். வீட்டுக்கு நடந்து வரும்போது இவரிடம் கொட்டித் தீர்த்தேன். "எல்லாம் அவர் முன்னாடியே தீர்மானிச்சதுன்னா என் சம்மதம் எதுக்கு?"

"மரியாள்கிட்ட தூதன் வந்தான்ல. இயேசு உனக்குப் பொறக்கப் போறார்னு சொல்லிட்டு உடனே கிளம்பிட்டானா? அந்தப் பொண்ணு சரின்னு சொல்ற வரைக்கும் நின்னான்ல."

"இதை எங்க கேட்டீங்க?"

"கண்ணை மூடினா காதும் மூடிடுமா?"

ஜூன் 18, செவ்வாய்

கண் பரிசோதனைக்கு ஒருவர் வந்தார். லென்ஸை மாற்றி மாற்றி வைத்து "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார். "உங்க கண்ணுக்குத் தெரியிறதை நான் எப்படிங்க சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், மன்னிப்புக் கேட்டேன்.

அவருக்கு என்ன பவர் என்பதை மெஷின் முன்பே காட்டிவிட்டது. ஆனாலும் அவர் வாயால் சொல்லாமல் நான் எழுதிக்கொடுப்பதில்லை.

ஜூன் 20, வியாழன்

உண்மையை எழுதிவிடுகிறேன். ஆண்டவர் சொன்னார், கொடுத்தேன் என்று முடித்துவிட்டால் அண்ணனை மன்னிக்கவேண்டிய வேலை இல்லை. ஏதாவது தவறிப்போனாலும் பழி என்மேல் இல்லை. அவரை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இன்று வேறு மாதிரி கேட்டேன்: நான் முடியாது என்றால் என்னைத் தள்ளிவிடுவீரா? பதில் ஏதும் வரவில்லை. ஆனால் பயமும் வரவில்லை. யாரோ அவசரப்படாமல் காத்திருப்பது போல் இருந்தது.

ஜூன் 26, புதன்

அதே அறை. கடிகாரம் இன்னும் ஓடவில்லை. ஏழாவது கேள்விக்கு எழுதினேன்: "அவன் என் அண்ணன். அவன் வாழவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியும். சொல்லவில்லை."

"கடவுள் எங்க போயிட்டார்?" என்று ஆலோசகர் சிரித்தார்.

"எங்கேயும் போகலைங்க. அவருக்கும் இதே ஆசைதான்னு நம்புறேன். ஆனா கையெழுத்து என்னுது."

அவர் சித்தமும் என் விருப்பமும் எந்த இடத்தில் ஒட்டுகின்றன? தெரியவில்லை. ஒட்டியிருக்கின்றன என்பது மட்டும் தெரிகிறது.

ஜூலை 9, செவ்வாய்

நாளைக்கு. பயமாக இருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

அண்ணனுக்குச் சிறுநீர் நன்றாகப் போகிறது என்று அண்ணி வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டார். இவர் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவன் அறைக்குப் போனார். அண்ணன் கூரையைப் பார்த்தபடி, "ஏன் குடுத்த?" என்றான்.

மறுபடியும் ஏழாவது கேள்வி!

"எனக்கு இஷ்டம், குடுத்தேன். உனக்கென்ன?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான். "இவ வீட்லயும் இப்படித்தான் பேசுறாளா, மாப்பிள்ளை?"

பதினொரு வருடத்தில் முதல் தடவை அவரை அப்படிக் கூப்பிட்டான்.

"பஸ் ஹாரனே தேவலை, மச்சான்" என்றார் இவர். சிரித்ததில் எனக்குத் தையல் இழுத்தது. அந்தப் பக்கம் அவனுக்கும்.