பூங்கா மண்டபத்தின் வயது

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் "சரி, சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

நம் பூங்காவை அழித்து வணிக வளாகம் கட்ட நகராட்சித் தலைவர் தீர்மானம் போட்டுவிட்டார். என் தையல்கடைக்கு எதிரே, பூங்காவின் கம்பி கேட்டில் அறிவிப்பு தொங்குகிறது. விட்டுவிடுவேனா? அதை மரபுச் சின்னமாக அறிவிக்கச் சொல்லித் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மனு கொடுத்துவிட்டோம். நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று காட்டிவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. காட்டத்தான் நடுவில் மண்டபம் நிற்கிறதே. அதன் நெற்றியில் 1908 என்று வெட்டிய கல்லைப் படம் எடுத்து மனுவின் முதல் பக்கத்திலேயே ஒட்டியாயிற்று. மரபுக் குழு அதிகாரி இருபத்தெட்டாம் தேதி நேரில் பார்க்க வருகிறார்.

அந்த மண்டபத்தைப் பழுதுபார்த்த மேஸ்திரி நீ. வந்து நாலு வார்த்தை சொன்னால் இன்னும் கெட்டியாக இருக்கும். உன் பிள்ளைதான் இப்போது பழைய கட்டட வேலையில் பெரிய ஆளாயிற்றே, அவனையும் இழுத்துக்கொண்டு வா. முழங்கால் வலி என்று சாக்குச் சொன்னால் நானே வந்து தூக்கிக்கொண்டு வருவேன்.

உன் தங்கை

மார்ச் 9

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சும்மா சுற்றினேன். இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த முதல் பக்கத்தைக் கிழித்துவிடு.

மண்டபம் பழசு இல்லை. நான் கட்டியது. இருபத்தாறு வருஷத்துக்கு முன், பழுதுபார்க்கச் சாரம் கட்டிய நாலாம் நாள், வடக்குத் தூண் விட்டுக்கொடுத்து மொத்தக் கூரையும் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சுற்றிலும் தகரம் அடித்திருந்ததால் ஊருக்குத் தெரியவில்லை. வெளியே தெரிந்தால் அதோடு என் தொழில் போச்சு என்று பயந்துவிட்டேன். அஸ்திவாரத்திலிருந்து தோண்டி, அதே அளவில், அதே வளைவில் எழுப்பினேன். கல் இரண்டாகிவிட்டிருந்தது. புதுக் கல்லில் 1908 என்று நானே வெட்டினேன். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த உன்னை உள்ளே விடவில்லை என்று கோபித்துக்கொண்டாயே, காரணம் இதுதான்.

பிள்ளைக்கும் தெரியாது. பழசைப் பழசாகவே காப்பாற்றுகிறோம் என்று சொல்லித்தான் அவன் வேலை பிடிக்கிறான். அப்பன் போலிக் கல் வெட்டினவன் என்று தெரிந்தால் அவன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? என்னைக் கூப்பிடாதே.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

உன் மேல் இருந்த கோபத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன். சட்டைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உன்னால் வந்த மானக்கேடு.

முதல் பக்கத்தை எடுத்துவிட்டேன். பொய்யை வைத்து ஜெயிக்க மனசு வரவில்லை. அதோடு, நகராட்சி இன்ஜினியர் ஓர் ஆணியால் சுரண்டினாலே சிமென்ட் பல்லை இளித்துவிடும். இப்போது மனுவில் மரமும் பெஞ்சும்தான் மிச்சம். அதற்காகப் பூங்காவைக் கொடுத்துவிடுவேன் என்று நினைக்காதே.

ஒரு துணி எவ்வளவு பழசு என்று தெரிய நான் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டேன், திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன். அஸ்திவாரம் வரை தோண்டினேன் என்கிறாய். அடியில் என்ன இருந்தது? யோசித்துச் சட்டென்று எழுது.

தங்கை

மார்ச் 19

வாயாடிக்கு,

நீ கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

பூங்காவின் எட்டு நடைபாதைக்கும் அடியில் செங்கல் வாய்க்கால் ஓடுகிறது. சுண்ணாம்புக் கட்டு. ஓர் ஆள் குனிந்து போகலாம். எட்டும் மண்டபத்தின் அடியில் சேர்ந்து ஆற்றுப் பக்கம் போகின்றன. சுற்றியுள்ள தெருக்களின் மழைத்தண்ணீர் முழுவதும் அதில்தான் இறங்குகிறது. பஸ் நிலையத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது உன் கடை வாசல் காய்ந்து கிடப்பது அதனால்தான். செங்கல்லில் சூளை முத்திரையும் வருஷமும் இருக்கின்றன. 1905. நகராட்சி வரைபடத்தில் இது கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை, ஏன் அவ்வளவு ஆழம் தோண்டினாய் என்று கேட்பார்களே.

அதன் மேல் வளாகம் எழுப்பினால் ஊர் மிதக்கும். வாய்க்காலின் வளைவு உடையாமல் எங்கே தோண்டுவது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் முழுவதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்கிறேன். இருபத்தெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். பிள்ளையிடம் மட்டும் சொல்லத் தைரியம் வரவில்லை.

அண்ணன்

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

அத்தனை பேர் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

நீ காட்டிய இடத்தில் தோண்டிய குழிக்குள் டார்ச்சோடு இறங்கின அதிகாரி அரைமணி நேரம் ஏறி வரவில்லை. தலைவர் மேலே நின்று, "ஊரையே ஏமாத்துன ஆளோட பேச்சையா நம்புறீங்க?" என்று கேட்டார். உள்ளிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "அவர் பேச்ச நம்பல சார். செங்கல்ல நம்புறேன்."

நேற்று உத்தரவு வந்துவிட்டது. எட்டுப் பாதை, வாய்க்கால், மரங்கள் உட்பட முழுப் பூங்காவும் மரபுச் சின்னம். உன் மண்டபத்தை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. ஜெயித்துவிட்டோம் அண்ணா. எனக்கு இருக்கும் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

செய்தி பேப்பரில் வந்தது உனக்கும் தெரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு உன் பிள்ளை இன்று கடைக்கு வந்தான். சண்டைதான் என்று மெஷினை நிறுத்திவிட்டுத் தயாராக உட்கார்ந்தேன். அவன் நேராக மண்டபத்துக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். தூணைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்தா நான் இங்கதான் படுத்துக் கெடப்பேன், அத்தை. இந்த வளைவப் பாத்துத்தான் எனக்கு இந்த வேலைக்கே வரணும்னு தோணுச்சு. இப்ப இருக்கறவங்க யாராலயும் இப்படிக் கட்ட முடியாதுன்னு இன்னைக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கேன். இது அப்பா கட்டுனதா?"

ஆமாம் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. கோபமும் இல்லாமல் இல்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மூன்று முறை கேட்டான். அது நீ சொல்ல வேண்டிய பதில், அப்பாவிடமே கேள் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வருகிறான். எங்கேயும் ஓடிவிடாமல் வீட்டில் இரு.

உன் தங்கை